கட்டிலுக்கு இரண்டு பக்கம்

ரோட்டர்டாம் நகரத்தில் புது வீடு கட்டுவதென்றால் அப்போதெல்லாம் கட்டடக்கலைஞர்கள் ஒரு கண்டத்தைத் தாண்டியாக வேண்டும். அந்தக் கண்டத்துக்குப் பெண்கள் ஆலோசனைக் குழு என்று பெயர். மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் பட்டம் கிடையாது, பதவி கிடையாது. ஆளுக்கொரு குடும்பமும் நல்ல வாயும் உண்டு. புதன்கிழமை மத்தியானம் பெண்கள் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடுவார்கள்.

பிளானைக் காகிதத்தில் பார்த்து, 'ஆகா, பிரமாதம்' என்று சொல்லிவிட்டுப் போகிற ரகம் இல்லை அவர்கள். சாக்பீஸை எடுத்து வீட்டை நிஜ அளவில் தரையில் வரைந்துவிடுவார்கள். இரண்டு கோடு போட்டால் சுவர், ஒரு வளைகோடு போட்டால் கதவு, ஒரு பெஞ்சைத் தூக்கிப் போட்டால் அடுப்பு. பிறகு குழந்தை வண்டி, துணிக்கூடை, துடைப்பம், நிலக்கரி வாளி சகிதமாக உள்ளே போய்க் குடித்தனம் நடத்திப் பார்ப்பார்கள். கோட்டை மிதித்தால் சுவரில் இடித்ததாக அர்த்தம். மிதித்தவள், 'இடிச்சேன்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். தலைவி வெர்ஹேல் அம்மாள் அதை நோட்டில் குறித்துக்கொள்வாள். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் அந்தக் கூடத்தின் மூலையில் நின்று, மீன்கடைக்காரர் மனைவி ஷான் தன் பெரிய இடுப்போடு அவர்களுடைய தாழ்வாரத்தில் திரும்புகிறாளா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள்.

1952 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை தரையில் வரைந்திருந்த வீடு, குழுவில் ஒருத்தியான ரிகாவுக்கு மற்ற வீடுகளைப் போல இல்லை. ஆற்றுக்குத் தெற்கே வரப்போகிற நாலு மாடிக் கட்டடம், நாற்பத்தெட்டுக் குடும்பத்துக்கு. அதில் பதினோராவது குடும்பம் ரிகாவும் அவள் கணவன் லேண்டர்ட்டும். வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அவள் கைப்பையிலேயே இருந்தது. இரண்டாம் மாடி, இடது பக்கம். மடித்து மடித்துப் பார்த்ததில் மடிப்பு கிழிய ஆரம்பித்துவிட்டது.

கல்யாணமாகி எட்டாவது வாரம் ஊர்மேல் ஜெர்மன்காரன் குண்டு விழுந்தது. வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு அறை, கல்யாணத்துக்கு வந்த பீங்கான், ரிகா தைத்த திரைச்சீலை எல்லாம் ஒரே மத்தியானத்தில் போயிற்று. பத்து நாள் இருக்கலாம் என்று லேண்டர்ட்டின் அக்கா த்ரூஸ் வீட்டுக்குப் போனார்கள். பத்து நாள் பன்னிரண்டு வருஷமாகிவிட்டது. அடுத்தவள் அடுப்பில் சமைத்து, அடுத்தவள் கொடியில் துணி உலர்த்தி, எதற்கும் 'எடுத்துக்கலாமா?' என்று கேட்டுக் கேட்டு ரிகாவுக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. 1943 குளிர்காலத்தில் அந்த வீட்டில் ஒரு பையன் பிறந்தான். மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் வாயைத் திறந்து பேசாமலே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இனி பிள்ளை என்றால் சொந்த வீட்டில்தான். அதனால் அந்தக் கடிதம் அவளுக்கு வெறும் வீடு அல்ல. ஏப்ரலில் அஸ்திவாரத்துக்குத் தூண் இறக்கினால் அடுத்த கோடையில் சாவி, அப்போது முப்பத்தேழு. இன்னும் நேரமிருக்கிறது என்று விரல்விட்டு எண்ணி வைத்திருந்தாள்.

பிளான் போட்டவன் ஹோல்ட்காம்ப் என்று ஒரு இளைஞன். கல்யாணமாகாதவன். சட்டைப்பையில் நாலு பென்சில் வைத்திருந்தான். கெட்டவன் இல்லை. சமையலறையில் அவன் செய்திருந்த வேலையைப் பார்த்து ஏழு பேரும் வாயடைத்துப் போனார்கள். உருளைக்கிழங்கு உரிக்க, கழுவ, வேகவைக்க எல்லாம் இரண்டே எட்டில். யாரும் எங்கும் இடிக்கவில்லை.

"தம்பி, ஒங்களுக்கு யாரு சமைச்சுப் போடறா?" என்று கேட்டாள் ஷான்.

"நானேதான்."

"அதான் பாத்தேன். கட்டிக்கப் போறவ குடுத்து வெச்சவ."

வீட்டின் கூடத்துக்கு வந்தபோதுதான் சண்டை மூண்டது. ஹோல்ட்காம்ப் முன்னறை, பின்னறை என்று பிரிக்கவில்லை. ஒரே பெரிய அறை, இரண்டு பக்கமும் ஜன்னல், காலையில் ஒரு பக்கம் வெயில், சாயங்காலம் மறுபக்கம்.

"முன்னறை எங்க?" என்றாள் வெர்ஹேல் அம்மாள்.

"தனியா கிடையாதுங்க. அந்தக் காலத்துல ஜனங்க பின்னாடி ஒரு சின்ன எடத்துல நெருக்கியடிச்சுக்கிட்டு, வீட்லயே நல்ல அறையைப் பூட்டி வெச்சிருந்தாங்க. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் உபயோகப்படற அறைக்கு எதுக்குங்க சிமென்ட்?"

சொல்லியிருக்கக் கூடாது. ஏழு பேர் வீட்டிலும் அப்படி ஒரு முன்னறை இருந்தது, அல்லது எரிந்து போயிருந்தது. வெல்வெட் நாற்காலி, கம்பளம், மாமியார் கொடுத்த கண்ணாடி அலமாரி. பாதிரியார் வந்தால் திறப்பார்கள். புதுவருஷத்துக்குத் திறப்பார்கள். வீட்டில் யாராவது இறந்துபோனால் கிடத்துவதற்குத் திறப்பார்கள். மற்ற நாளில் தூசி தட்டி மூடிவிடுவார்கள். அது மரியாதை. பின்னறையில் ஆறு பேர் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு சாப்பிட்டாலும், 'முன்னாடி போய் உக்காரலாமே' என்கிற நினைப்பு அந்த ஊரில் எவருக்கும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. ரிகாவுக்கும் வந்ததில்லை.

"பாதிரியார் வந்தா, துவைச்ச துணிக்கு நடுவுலயா அவரை உக்கார வெக்கறது?" என்றாள் வெர்ஹேல் அம்மாள்.

"அவர் வீட்லயும் துவைப்பாங்கல்லங்க?"

ஷான் சிரித்துவிட்டாள். தலைவி சிரிக்கவில்லை. நடுவில் ஒரு தள்ளுகதவு வைக்க முடியுமா என்று பார்ப்பதாக ஹோல்ட்காம்ப் ஒப்புக்கொண்டு தப்பித்தான்.

கடைசியாகப் படுக்கையறை. இரண்டு மீட்டர் பத்து அகலம். கட்டில் ஒரு மீட்டர் நாற்பது. ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி வரைந்திருந்தான். மறுபக்கம் எழுபது சென்டிமீட்டர் நடைபாதை. ஷான் ஷூவைக் கழற்றிவிட்டுச் சாக்பீஸ் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். "சுகமா இருக்கு. காப்பி யாராவது கொண்டு வாங்கடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ரிகாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சுவர்ப்பக்கத்துக் கோட்டைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"சார், மருத்துவச்சி எந்தப் பக்கம் நிப்பாங்க?"

"யாருங்க?"

"மருத்துவச்சி. பிரசவத்துக்கு."

ஹோல்ட்காம்ப்புக்குக் காது சிவந்தது. "இந்தப் பக்கம். எழுபது இருக்கே."

"அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் சுவரு."

"அதத்தான் கேக்கறேன்."

பிள்ளை பெறுவது அங்கே வீட்டில்தான். மாவட்ட நர்ஸிடமிருந்து நாலு மரக்கட்டை இரவல் வாங்கிக் கட்டிலை உயர்த்தி வைப்பார்கள். ஒரு பக்கம் மருத்துவச்சி, மறுபக்கம் கூட இருக்கிற நர்ஸோ அக்காவோ தங்கையோ. இது ஹோல்ட்காம்ப்புக்குத் தெரியாததல்ல. அவனும் அப்படிப் பிறந்தவன்தான். ஆனால் பிறந்தபோது அவன் அளவெடுக்கவில்லை.

"அந்த நேரத்துக்குக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கலாமேங்க" என்றான்.

ரிகா பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டில் அளவுக்கு வைத்து அறையின் நடுவுக்கு இழுத்தாள். அலமாரிக் கதவு திறக்கவில்லை. அறைக் கதவு பாதிதான் திறந்தது. ஷானை மறுபக்கம் போகச் சொன்னாள். ஷான் பக்கவாட்டில் நுழைந்து, இரண்டு அடி வைத்து, "இடிச்சேன்" என்றாள். குனியப் பார்த்து மறுபடி, "இடிச்சேன்."

"எவ்வளவு வேணும்?" என்று மெதுவாகக் கேட்டாள் வெர்ஹேல் அம்மாள்.

"சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவுல அறுபது. கூடத்துலேர்ந்து எடுத்துக்கலாம். தள்ளுகதவு வேணாம், முன்னறை வேணாம், அதை வெட்டி இதுல சேத்துக்கிட்டாப் போதும்."

ஹோல்ட்காம்ப் பென்சிலை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தான். "நீங்க சொல்றது சரிங்க. நான் யோசிக்கல. ஆனா இது மரச்சுவரு இல்ல, தள்ளி வெக்கறதுக்கு. கான்கிரீட் பலகை. அதுக்கு அச்சு வார்த்தாச்சு. சுவரை நகர்த்தினா அச்சு புதுசா செய்யணும், ஃபைல் மந்திரி ஆபீசுக்குத் திரும்பப் போவும், அங்க வரிசைல கடைசியில உக்காரும். பதினாலு மாசம். குறைச்சுச் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தி, கெஞ்சுகிற குரலில் சொன்னான். "இந்த ஒரு கட்டடம் இப்படியே போகட்டுங்க. அடுத்ததுலேர்ந்து மாத்தித் தரேன். எழுதியே குடுக்கறேன்."

நியாயமான பேச்சு. ஆறு பேரும் ரிகாவைப் பார்த்தார்கள். கைப்பையில் இருக்கிற கடிதம் ஆறு பேருக்கும் தெரியும். வந்த அன்றைக்கே எல்லோருக்கும் காட்டி, அவள் செலவில் கேக் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

ஷான் பாவாடையைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "இந்தா ரிகா, கேளு. ஊர்ல பாதி கட்டில் சுவரோட ஒட்டித்தான் கெடக்கு. பொறக்கறதெல்லாம் பொறக்கத்தான் செய்யுது. நாங்க கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறோம். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வெளிய போய்க் காத்து வாங்கிட்டு வா."

அந்தப் பெண்களின் மனசு ரிகாவுக்குத் தெரியும். வெளியே போயிருந்தால் போதும், ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும்.

த்ரூஸ் வீட்டில் அவர்கள் படுக்கிற இடத்துக்கு அறை என்று பெயர் சொல்வதே பாவம். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஜன்னலில்லாத பொந்து. மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் திரை. கட்டில் அதில் ஆணியடித்தாற்போல் கிடக்கும். அந்தக் குளிர்காலத்தில் பிள்ளையின் தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. மருத்துவச்சி நல்ல பலசாலி. "திருப்பணும், அந்தப் பக்கத்துலேர்ந்து இழுக்கணும், அந்தப் பக்கம் ஒரு ஆள் வேணும்" என்று கத்தினாள். அந்தப் பக்கத்தில் பலகை. அவள் ரிகாவின் மேலேயே முழங்காலிட்டு ஏறி முயன்று பார்த்தாள். எத்தனை நிமிஷம் என்று ரிகாவுக்குத் தெரியாது. பலகையில் இருந்த ஒரு முடிச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் யாராவது நின்றிருந்தால் பிள்ளை, அவர்கள் யோஸ்ட் என்று பெயர் வைத்திருந்தவன், பிழைத்திருப்பானா? அதை ஒருவரும் சொல்ல முடியாது. மருத்துவச்சியே சொல்லவில்லை. ஆனால் ஒன்பது வருஷமாகத் தினமும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் ரிகா தூங்குகிறாள்.

நாற்பத்தெட்டுக் கட்டில். நாற்பத்தெட்டுச் சுவர்.

"வெளிய போகல" என்றாள் ரிகா. "எழுதுங்க அம்மா. படுக்கையறை ஒத்துக்க முடியாதுன்னு எழுதுங்க."

"நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சா வேற மாதிரி சொல்லிடுவேன். சீக்கிரம் எழுதுங்க."

வெர்ஹேல் அம்மாள் எழுதினாள். எழுதி முடித்ததும், குழு தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, பிஸ்கட் டப்பாவை இரண்டாம் முறை திறந்து ரிகாவிடம் நீட்டினாள். காப்பிக்கு ஒரு பிஸ்கட்டோடு டப்பாவை மூடிவிடுகிற ஊர் அது. அந்த இரண்டாவது பிஸ்கட்டைப் பார்த்ததும்தான் ரிகாவுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

சைக்கிளில் திரும்பி வரும் வழியெல்லாம் ஊரின் நடுவே வெட்டவெளி. காற்று முகத்தில் மணலை வாரியடித்தது. எங்கோ தூண் இறக்குகிற சத்தம் தொம், தொம் என்று கேட்டது. பாதி வழியில் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கீரை வாங்க மறந்துவிட்டோமே என்று கடைக்குத் திரும்பினாள்.

சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். லேண்டர்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். உருளைக்கிழங்கு மசியலின் நடுவே குழம்புக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். பேசினது த்ரூஸ்தான்.

"பதினாலு மாசமா! ஏன் ரிகா, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? குடுக்கறேங்கறான், வேணாங்கறியா? இந்த வீட்ல எத்தன அடுப்பு இருக்குன்னு நெனச்ச? ஒண்ணு. அது எனக்கும் வேணும்."

"தெரியும் த்ரூஸ்."

"என்ன தெரியும்? நானும் மனுஷிதான். என் கொடி, என் தண்ணி, என் கக்கூசு, பன்னண்டு வருஷமா நானும் வரிசைலதான் நிக்கறேன். அப்படி என்ன தப்புக் கண்டுபிடிச்ச?"

"கட்டில் சுவரோட ஒட்டியிருக்கு. அந்தப் பக்கம் நிக்க எடமில்ல."

"அதுக்கு?"

ரிகா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "யோஸ்ட்டுக்கும் எடமில்ல."

ஒன்பது வருஷமாக அந்த மேஜையில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. த்ரூஸ் எழுந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். லேண்டர்ட்டின் தட்டில் பாதி மசியல் அப்படியே இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"எனக்கு முப்பத்தெட்டாயிடும்" என்றாள் ரிகா. "சாவி வர்றதுக்குள்ள. அதுக்கப்புறம்..."

"ம்."

"திட்டிடேன் லேண்டர்ட். பேசாம இருக்காத."

அவன் மேஜைமேல் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "நீ செஞ்சது சரிதான். சரின்னு தெரியுது, வயிறு எரியுது. ரெண்டும் இருக்கு. என்ன செய்யச் சொல்ற?"

"ஒண்ணும் செய்ய வேணாம்."

"சரி, ஒண்ணும் செய்யல" என்றான். கையை மட்டும் விடவில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் த்ரூஸ் பேசவே இல்லை. கோபித்துக்கொண்டால் பேசித் தீர்க்கிறவள் அவள், பேசாமல் இருப்பது புதுசு. காலையில் ரொட்டியை வெட்டி ரிகாவின் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இனி இந்த வீட்டிலும் இடம் போயிற்று என்றே ரிகா நினைத்தாள். வேறு யார் வீட்டில் ஒண்டலாம் என்று மனசுக்குள் ஒரு சுற்றுப் போய் வந்தாள். யாரும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஷானோடு சேர்ந்து சாக்பீஸ் கோடுகளை ஈரத்துணியால் துடைத்தாள். ஹோல்ட்காம்ப் தானே வந்து முழங்காலிட்டுத் துடைத்துக் கொடுத்தான். புதுக் கோடு போடும்போது அறுபது போட்டு, நின்று பார்த்து, "அறுபத்தஞ்சா வெச்சுக்கலாங்க" என்றான். எவளோ இன்னும் பெறாத பிள்ளைக்கு ஐந்து சென்டிமீட்டர் தருகிறானே என்று ரிகாவுக்கு அவன்மேல் பிரியமாகக்கூட இருந்தது.

வீட்டுத் தெருவுக்குத் திரும்பியபோது நடைபாதையில் வெல்வெட் நாற்காலிகள் வரிசையாக நின்றன. ஆறு நாற்காலி. த்ரூஸின் முன்னறை நாற்காலிகள். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். "யாரும்மா போய்ச் சேர்ந்தது?" என்று ரிகாவைக் கேட்டாள். முன்னறையைத் திறந்தால் வேறு என்ன கேட்பார்கள்?

ரிகா சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட இல்லை, அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

கண்ணாடி அலமாரி தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டிருந்தது. லேண்டர்ட் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையாக அதன் பின்னால் நின்றான். "நீயே உள்ள போய்ப் பாரு" என்றான். "நான் கேக்கல. அவளாத்தான் ஆரம்பிச்சா. நான் வந்து பாக்கறப்பவே கம்பளத்தச் சுருட்டிட்டா."

முன்னறையில் கம்பளம் இல்லாத பலகைத்தரை வெளிறிக் கிடந்தது. அறையின் நட்டநடுவே அவர்களுடைய கட்டில். மேலே புதிதாக வெளுத்த விரிப்பு. த்ரூஸ் தையல் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். தலையில் கட்டிய துணி முழுக்க ஒட்டடை.

"எவ்வளவுன்னு சொன்ன அன்னிக்கு?" என்று கேட்டாள். ரிகாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னது?"

"அந்த ஆளுகிட்ட எவ்வளவு கேட்ட, சுவருக்கும் கட்டிலுக்கும்?"

"அறுபது."

"நான் எண்பது விட்டிருக்கேன். ரெண்டு பக்கமும்."

ரிகா கட்டிலின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அன்னிக்கு அந்த மருத்துவச்சி என்னத் தாழ்வாரத்துல வந்து கேட்டா" என்றாள் த்ரூஸ். "வலி ஆரம்பிச்ச ஒடனே. ஒனக்குத் தெரியாது. 'இங்க எடம் பத்தாது, முன்னறையில கட்டிலப் போட்டுடலாமா'ன்னு. கம்பளம் இருக்குன்னேன். ரிகா, நான் கம்பளம் இருக்குன்னேன். அவளும் 'ஆமா, பாவம்'னு திரும்பிப் போயிட்டா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மறுநாள் அவனைக் கொண்டுவந்து இந்த அறையிலதானே கெடத்தினோம். மூணு நாள். அப்ப ஒரு வார்த்த சொன்னேனா? செத்தவனுக்குக் குடுத்தேன். பொறக்கறவனுக்குக் குடுக்கல."

வாசலில் லேண்டர்ட் அலமாரியைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். அவனுக்கும் இது தெரியாது.

ரிகாவுக்கு அந்த நிமிஷம் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? ஒன்பது வருஷம் பார்த்த பலகை, அதற்கு அந்தப் பக்கம் இந்த அறை காலியாக, சுத்தமாக, கடிகாரம் ஓட, இருந்திருக்கிறது. மூன்றே எட்டுத் தூரம். கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால் அவளும் அந்த ஊர்ப் பெண்தான். வலியில் துடிக்கும்போதே யாராவது வந்து, 'முன்னறைக்குப் போகலாமா' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"என்னக் கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன், த்ரூஸ்" என்றாள். "கம்பளம் இருக்கேன்னு."

த்ரூஸ் முதல் முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நெசமாவா சொல்ற?"

"நெசமா. அம்மா வீட்ல நாங்க எட்டுப் பேர். முன்னறையில நான் உக்காந்ததே ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் சாவு."

ரிகா ஷூவைக் கழற்றினாள். கட்டிலின் இந்தப் பக்கம் வழியாக நடந்தாள், கால்மாட்டைச் சுற்றினாள், சுவர்ப்பக்கம் போனாள். கையை இரண்டு புறமும் விரித்தாள். எதிலும் இடிக்கவில்லை. அங்கேயே விளிம்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

த்ரூஸ் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள். கட்டில் அவள் பக்கம் சாய்ந்தது. கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு பழைய குரலில் சொன்னாள்:

"பதினாலு மாசம் எதுக்குக் காத்துக்கிட்டு? ஒனக்கென்ன வயசு ஏறாம நிக்குதா? புது வீடு வர்றப்ப வரட்டும். மருத்துவச்சி அந்தப் பக்கம் நிக்கட்டும். இந்தப் பக்கம் நான் நிக்கறேன்."

"நான் எங்க நிக்கறது?" என்றான் லேண்டர்ட் வாசலிலிருந்து.

"நீ மொதல்ல அந்த அலமாரிய எறக்கி வெய்யிடா" என்றாள் த்ரூஸ்.